சோமூரிலிருந்து ஷினோன் வரை: லுவார் திராட்சைக் கரையில் மூன்று நாள் நடைக்கான முழுமையான வழிகாட்டி

பிரான்சின் சோமூர் நகரில் தொடங்கி, லுவார் ஆற்றின் தென்கரையிலுள்ள சிற்றூர்கள் வழியாக மோன்சொரோவையும் காந்த் சேன் மார்த்தேனையும் கடந்து, வியென் ஆற்றங்கரையிலுள்ள ஷினோனில் முடியும் மூன்று நாள் நடைக்கான வழிகாட்டி இது. ஆற்றுக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள ஏற்றம் பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீட்டருக்கு மேல் போகாது. ஓரளவு நடைப்பழக்கம் உள்ள எவரும் இதை முடித்துவிடலாம்.

ஆயினும் இந்த எளிய வழியில் புதியவர்கள் பலர் இரண்டாம் நாளிலேயே சலித்துப்போவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைத் தளர்த்துவது தூரமோ ஏற்றமோ அன்று. பசியோடு சேரும் வேளையில் பூட்டியிருக்கும் உணவகம், திங்கட்கிழமை திறக்காத ரொட்டிக்கடை, ஞாயிறு மாலை இல்லாத ரயில் போன்றவைதாம். ஆகவே, எவை எப்போது மூடியிருக்கும் என்பதை முதலில் அறிந்துகொண்டு, நடையை அதற்கேற்ப அமைக்கும் முறையிலேயே கீழுள்ள படிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வரிசையை மாற்றினால் பின்னால் செய்த ஏற்பாடு முன்னால் செய்ததைக் கலைத்துவிடும்.

1. திரும்பும் ரயிலை முதலில் உறுதி செய்க

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் தூர் நகருக்கோ ஆன்ஜே நகருக்கோ வந்து, அங்கிருந்து வட்டார ரயிலில் சோமூரை அடையலாம். தூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகும். ஆன்ஜேயிலிருந்து அதைவிடக் குறைவு. இது இரு பெரிய நகரங்களை இணைக்கும் வழித்தடம் என்பதால் சோமூருக்கு ரயில்கள் ஓரளவு தாராளமாக உள்ளன.

ஷினோன் அப்படியன்று. அது தூர் நகரிலிருந்து பிரிந்து வரும் கிளைப்பாதையின் கடைசி நிலையம். அங்கிருந்து புறப்படும் சேவைகள் குறைவு. வார இறுதியில் இன்னும் குறையும். எனவே நடை முடியும் நாள் எந்தக் கிழமை, அன்று ஷினோனிலிருந்து புறப்படும் கடைசி இரண்டு சேவைகள் எவை என்பதைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். கடைசிச் சேவையை நம்பித் திட்டமிடாமல் அதற்கு முந்தியதைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டால், வழியில் ஒரு மணி நேரம் பிந்தினாலும் கவலை இல்லை.

அட்டவணையில் சில சேவைகளுக்கு எதிரே பேருந்துச் சின்னம் இருக்கும். அவை ரயிலுக்குப் பதிலாக ஓடும் பேருந்துகள். இதைக் கவனியாதவர்கள் நடைமேடையில் நின்றுகொண்டிருக்க, வண்டி நிலையத்தின் வாசலிலிருந்து போய்விடும்.

எதிர்த்திசையில், அதாவது ஷினோனில் தொடங்கிச் சோமூரில் முடிப்பதும் தவறில்லை. கடைசி நாளில் நீண்ட தூர ரயிலையோ விமானத்தையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு அதுவே பாதுகாப்பானது. நான் சோமூரிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: இந்தத் திசையில் ஆறு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கமே இருக்கும். முதலில் லுவார், காந்துக்குப் பிறகு வியென். இடப்புறம் ஆறு, வலப்புறம் திராட்சை மேடு என்ற ஒன்றை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. பருவத்தையும் கிழமையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திராட்சை மேட்டில் நடப்பது கடினம். அங்கே இடுப்புயரக் கொடிகளைத் தவிர வேறு நிழல் இல்லை. வெயில் நமக்குப் புதிதா என்று எண்ணி நண்பகலில் மேட்டில் ஏறியவர்கள் தலைவலியோடு இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே கோடையில் இரவு ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும் என்பதால், வெயில் உடலில் படும் நேரமும் நமக்குப் பழகியதைவிட நீளமானது.

மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளும், பெரும்பாலான ஆண்டுகளில் அம்மாதத்திலேயே வரும் ஆண்டவரின் விண்ணேற்ற வியாழனும் பொது விடுமுறைகள். இவற்றை வார இறுதியோடு சேர்த்துப் பிரெஞ்சுக் குடும்பங்கள் வெளியே கிளம்பிவிடுவதால் அறைகள் கிடைப்பது அரிது. செப்டம்பரில் திராட்சை அறுவடை நடக்கும். காட்சிக்கு அது நல்ல காலம். ஆனால் தோட்டக்காரர் கொடிகளிடையே இருப்பார், மது சுவைக்கும் அறையில் ஆள் இருக்க மாட்டார். மதுவை அறிவதே உங்கள் நோக்கமானால் மே, ஜூன் மாதங்களே சிறந்தவை.

கிழமைகளைப் பொறுத்தவரை, செவ்வாயன்று தொடங்கி வியாழனன்று முடிப்பதே என் பரிந்துரை. ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். திங்களன்று சிற்றூர் உணவகங்களும் ரொட்டிக்கடைகளும் பல இடங்களில் திறப்பதில்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை இரண்டு இடர்களும் இல்லை. சோமூரின் சனிக்கிழமைச் சந்தையைக் காண விரும்புவோர் சனியன்று தொடங்கலாம். ஆனால் ஞாயிறு, திங்கள் இரு நாள்களுக்குமான உணவை அந்தச் சந்தையிலேயே வாங்கிச் சுமக்க வேண்டும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மோன்சொரோ ஆற்றுத்துறையில் பழம்பொருள் சந்தை கூடும். அந்த வாரத்தில் அறை தேடுவது வீண் முயற்சி.

3. தங்குமிடம், பிறகு விசா

முதலில் மோன்சொரோ அல்லது காந்தில் இரண்டு இரவுகளைப் பதிவு செய்க. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ஒட்டியிருப்பவை, அறைகளோ சொற்பம். சோமூரிலும் ஷினோனிலும் விடுதிகள் ஏராளம் என்பதால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலர் பெரிய ஊரில் முதலில் பதிவு செய்துவிட்டு, நடுவில் அறை கிடைக்காமல் எல்லாத் தேதிகளையும் மாற்றுகிறார்கள்.

ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரண்டாம் நாள் நடை ஒரு சுற்றுவழியாக அமைவதால், அன்று கனமான பையை அறையிலேயே விட்டுச் செல்லலாம். கால் கொப்புளங்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளில்தான் வெடிக்கின்றன. அன்று சுமை இல்லாமல் இருப்பது பெரிய உதவி.

வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகளை ஷாம்பர் தோத் என்பார்கள். காலை உணவு வாடகையில் அடங்கும். இரவு உணவு பல வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் மட்டுமே கிடைக்கும். சைவ உணவினர் பதிவு செய்யும்போதே இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். வந்து சேரும் நேரத்தையும் தெரிவித்துவிடுக. இவை வரவேற்பு மேசையுள்ள விடுதிகள் அல்ல. நீங்கள் வரும் நேரத்துக்காகவே வீட்டுக்காரர் காத்திருப்பார்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் கேட்கப்படும். நடைப்பயணிகள் ஊர்விட்டு ஊர் மாறித் தங்குவதால், ஊர், தேதி, தங்குமிடம் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதி இணைப்பது நல்லது. ஓர் இரவு விடுபட்டாலும் கேள்வி வரும். பாரிஸிலோ அதன் புறநகரிலோ வாழும் தமிழர்களுக்கு இந்த விசா வேலை தேவையில்லை. அவர்கள் காலை ரயிலில் வந்து அன்றே நடையைத் தொடங்கலாம்.

4. வரைபடத்தையும் வழிக்குறிகளையும் வீட்டிலேயே பழகுக

நாம் பின்பற்றுவது ஜி.ஆர். 3 என்னும் நெடுந்தூர நடைபாதையின் ஒரு துண்டு. ஜி.ஆர். பாதைகளுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைகள் குறி. மஞ்சள் ஒற்றைப் பட்டை உள்ளூர்ச் சுற்றுவழிகளுக்கு உரியது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தது வட்டாரப் பாதைகளுக்கு உரியது. பல இடங்களில் இவை ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பெருக்கல் குறி. வெள்ளையும் சிவப்பும் குறுக்காக வெட்டிக்கொண்டால் ‘இந்த வழி அன்று’ என்று பொருள். நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு அதையே வழி என்று நம்பிச் செல்கிறவர்கள் பலர். பட்டைகளின் கீழே வளைந்த அம்பு இருந்தால், உடனடியாக அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

காட்டில் குறிகள் மரங்களில் இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் மரம் ஏது? அங்கே தொலைபேசிக் கம்பங்களிலும், சுவர் மூலைகளிலும், வரிசைகளின் முனையிலுள்ள முளைகளிலும், சில வேளைகளில் தரையிலுள்ள கல்லிலும்கூடத் தீட்டியிருப்பார்கள். முளையை மாற்றினால் குறியும் போய்விடும். வரிசைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டது உடனே புலப்படாது. ஐந்து நிமிடம் நடந்தும் குறி தென்படாவிட்டால், கடைசியாகக் குறி கண்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். குறுக்கே வெட்டிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது. கொடிகளைத் தாங்கும் கம்பிகள் நெடுக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் வரிசைகளுக்குக் குறுக்கே கடக்க முடியாது.

பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவு வரைபடமே இந்த நடைக்கு ஏற்றது. அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 250 மீட்டர். அந்நிறுவனத்தின் கைபேசிச் செயலியிலும் இதே வரைபடம் உண்டு. குகைகளிலும் பள்ளங்களிலும் தொடர்பு துண்டிக்கப்படும் என்பதால், இணையம் இல்லாமலும் திறக்கும் வகையில் வழித்தடத்தை முன்கூட்டியே சேமித்துக்கொள்க. ஒவ்வொரு நாளின் தூரத்தையும் நீங்களே கோடு போட்டு அளந்து, மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கூட்டுக. நிற்பதற்கும் பார்ப்பதற்கும் அந்தக் கூடுதல் நேரம் எப்படியும் செலவாகும்.

5. பையில் இருக்க வேண்டியவை

இந்தப் பகுதியின் துஃபோ என்னும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் நனைந்தால் வழுக்கும். மேட்டிலுள்ள சுண்ணாம்புக் களிமண் மழை பெய்த மறுநாள் காலணியில் அப்பிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கனக்கும். எனவே ஆழமான பற்களுள்ள காலணி வேண்டும். கணுக்கால் மூடும் உயரம் தேவையில்லை. புதுக் காலணியோடு வருவதைத் தவிர்த்து, குறைந்தது ஒரு மாதமேனும் அதையே அணிந்து பழகியபின் வருக.

கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மதுக்கிடங்குகள் இந்தக் கல்லைக் குடைந்தெடுத்த குகைகள். அவற்றினுள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 பாகை வெப்பநிலையே இருக்கும். வியர்த்த உடம்போடு நுழைந்து அரை மணி நேரம் நின்றால் நடுக்கம் எடுக்கும்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர், வெப்ப நாள்களில் இரண்டு லிட்டர். நிரப்புவதற்கு எளிய இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம்: வாயிலருகே பெரும்பாலும் குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்ற பலகை இருந்தால் அது குடிநீர் அன்று. மொத்தச் சுமை ஏழு கிலோவுக்குள் அடங்கட்டும். கொப்புளத்துக்கான ஒட்டுப்பட்டை, மழைச்சட்டை, உண்ணியை எடுக்கும் சிறு கொக்கி ஆகியவற்றை வெளிப்பையில் வைத்துக்கொள்க. அந்தக் கொக்கி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும்.

6. புறப்படும் காலையில் பார்க்க வேண்டியவை

விஜிக்ரூ என்னும் அரசுத் தளம் ஆறுகளின் வெள்ள நிலையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களால் காட்டுகிறது. பச்சையைத் தவிர வேறு நிறம் இருந்தால் கரையோரத் தாழ்ந்த பாதைகளை விட்டு மேட்டுப்பாதையை எடுங்கள். வெள்ளம் வடிந்த பின்னும் தாழ்ந்த பாதைகளில் வண்டல் படிந்திருக்கும். மேலே காய்ந்து, உள்ளே கணுக்கால் புதையுமளவு ஈரம் இருக்கும்.

ஆற்றில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. கோடையில் லுவார் ஆழமற்றதாக, அகன்ற மணல்திட்டுகளோடு காட்சியளிக்கும். இறங்கி நடந்துவிடலாம் போலத் தோன்றும். மணல் காலடியிலிருந்து சரிந்துவிடும், முழங்காலளவு நீருக்கு அடுத்தபடியே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும், நீரோட்டம் மேற்பரப்பில் தெரியாது. ஆண்டுதோறும் இந்த ஆறு உயிர் வாங்குகிறது. நீச்சல் தெரியும் என்பதால் விதிவிலக்கு இல்லை, தயவுசெய்து இறங்காதீர்கள். மேலும், வசந்தம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஆலாப் பறவைகள் அந்தத் திட்டுகளின் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. மனிதர் ஒருவர் அருகே நின்றாலே தாய்ப்பறவை எழுந்துவிடும். மூடுவாரற்ற முட்டைகள் வெயிலில் கெட்டுவிடும்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டைப் பருவம் நடக்கும். ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற எச்சரிக்கைப் பலகை வழியில் கண்டால், அந்தக் காட்டுத் துண்டில் அன்று வேட்டை நடக்கிறது என்று பொருள். சுற்றிப் போக வேண்டும். அந்தப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு மேலாடை அணிவது கட்டாயம் என்றே கொள்க. தோட்டங்களில் மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கண்டால் காற்று வீசும் திசையைப் பார்த்து, எதிர்ப்பக்கம் விலகி, அது வரிசையின் மறுமுனைக்குப் போகும் வரை நில்லுங்கள். கொடியிலிருந்து பழம் பறிப்பது திருட்டு. அண்மையில் மருந்து பட்ட பழமாகவும் அது இருக்கக்கூடும்.

அவசர அழைப்புக்கு 112. பேச இயலாத நிலையில் 114 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

7. முதல் நாள்: சோமூர் முதல் மோன்சொரோ வரை, ஏறத்தாழ 15 கிலோமீட்டர்

சோமூர் ரயில் நிலையம் ஆற்றின் வடகரையில் உள்ளது. பழைய நகரமும் நமது பாதையும் தென்கரையில். நடுவில் ஒரு தீவைத் தாண்டிப் பாலங்கள் வழியாக நடக்க அரை மணி நேரம் ஒதுக்குக. நகரில் இருக்கும்போதே மதிய உணவை வாங்கிவிட வேண்டும். ஒரு பகேத் ரொட்டி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் ஆகியவை போதும். வழியிலுள்ள ஊர்களில் உணவகம் இருக்கிறது என்று இணையம் சொன்னாலும், அது நீங்கள் போகும் நாளில் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிரெஞ்சு உணவகங்களில் மதிய உணவு 12 மணி முதல் 2 மணி வரைதான்; ஒன்றே முக்காலுக்கு நுழைந்தாலும் சமையலறை முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடும்.

கோட்டையின் அடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்க. தாம்பியேர், சூசே, பார்னே, துர்கோன் என்ற வரிசையில் ஊர்கள் வரும். கீழே ஆற்றோரமாக மோட்டார் சாலை ஓடுகிறது. அதற்கு மேலே குகைகளும் வீடுகளும். அதற்கும் மேலே திராட்சை மேடு. ஆற்றங்கரை நடை என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் சாலையோரமாகவே போய்விடுகிறார்கள். அது தவறு. சாலையில் வண்டிகள் விரைந்து வரும், நடப்பதற்கு ஓரம் குறுகலானது. குறிகளைப் பின்பற்றி மேலே ஏறுங்கள். பாதை மேட்டுக்கும் ஊருக்குமாக ஏறி இறங்கும்.

மேட்டில் நடக்கும்போது கொடிகளுக்கிடையே திடீரென ஒரு புகைபோக்கி தரையிலிருந்து எழுந்து நிற்கும். அது உங்கள் காலடியில் இருக்கும் குகை வீட்டினுடையது. காட்சி வியப்பானது, அதோடு ஓர் எச்சரிக்கையும்கூட. இந்த மேடு முழுவதும் உள்ளே குடையப்பட்டது. படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு விளிம்புக்குச் செல்லாதீர்கள்; வேலி இல்லாத செங்குத்துச் சரிவு புற்களுக்குள் மறைந்திருக்கும்.

சூசேயில் பாறைக்குள்ளேயே செல்லும் பழைய தெரு உண்டு. கைவிளக்கை எடுத்துக்கொண்டு நுழைக. பார்னேயில் பதினொரு நீண்ட சுவர்கள் எழுப்பப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கொடியைச் சுவரின் வடபுறம் நட்டு, சுவரிலுள்ள துளை வழியாகத் தென்புறம் வரவழைத்திருக்கிறார்கள். வேர் குளிர்ச்சியில், பழம் வெயிலில். துளையருகே குனிந்து, விரல் பருமனுக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தண்டு கல்லைக் கடந்து வருவதைப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த வட்டாரத்தார் வெயிலை எவ்வளவு கணக்காகக் கையாள்கிறார்கள் என்பது அங்கே புரியும். அது தனியார் தோட்டம் என்பதால் அனுமதி கேட்டே நுழைய வேண்டும்.

துர்கோனில் ஓய்வெடுத்த பின் மோன்சொரோ ஒரு மணி நேரத்துக்குள்தான். அங்கு சேர்ந்ததும், அறைக்குப் போகும் முன்பே, மறுநாள் காலை எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைக் கதவிலுள்ள அட்டையில் பார்த்துக்கொள்க.

8. மதுக்கிடங்கில் எப்போது நிற்பது, எப்படி நடந்துகொள்வது

சோமூர் ஷாம்பிஞி என்னும் சிவப்பு மதுவின் தாயகம் இந்த மேடு. கபெர்னே ஃப்ராங்க் என்ற திராட்சையே அதன் அடிப்படை. வெள்ளை மதுவுக்குச் செனேன். ஷினோனின் சிவப்பு மதுவும் கபெர்னே ஃப்ராங்கிலிருந்து வருவதே. ஒரே திராட்சை இரு ஊர் மண்ணில் எப்படி மாறுகிறது என்பதை நடந்தே அறிய இந்த வழி இடம் தருகிறது.

சுவைப்பதை நாளின் கடைசி மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்க. காலையில் குடித்தால் வெயிலும் மதுவும் சேர்ந்து உடலின் நீரை வற்றச் செய்யும், வழிக்குறியும் கண்ணில் படாது. முந்தின நாளே தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ நேரம் கேட்டு வைக்க வேண்டும். பல கிடங்குகள் ஒரு குடும்பமே நடத்துபவை. மதியம் 12 முதல் 2 வரை அவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

நுழையும்போது ‘போன்ஷூர்’ சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. அது இல்லாத கேள்வி அங்கே முரட்டுத்தனமாகக் கருதப்படும். பையைக் கழற்றி வாசலில் வையுங்கள், அது திரும்பும்போது அடுக்கிய புட்டிகளைத் தட்டிவிடும். ஒரு முறைக்கு ஊற்றுவது இரண்டு மடக்கு அளவே. மேசையில் ஒரு சிறு வாளி இருக்கும். சுவைத்துவிட்டு அதில் துப்புவது முறையான வழக்கம், எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். இன்னும் நடக்க வேண்டியவர் துப்புவதே அறிவுடைமை. மது அருந்தாதவர்களும் கிடங்கைப் பார்க்கலாம்; சில தோட்டங்களில் புளிக்காத திராட்சைச் சாறும் புட்டியில் கிடைக்கும்.

சிறிய தோட்டங்களில் சுவைக்கக் கட்டணம் வாங்காத வழக்கம் இன்னும் இருக்கிறது. அத்தகைய இடத்தில் ஒரு புட்டியாவது வாங்குவது மரியாதை. நிறைந்த புட்டி ஒன்றேகால் கிலோ வரை இருக்கும் என்பதால், முதல் நாளில் வாங்கியதை அன்றிரவே தங்குமிடத்தாரோடு பகிர்ந்துவிடுக. ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதை ஷினோனில் வாங்குக.

9. இரண்டாம் நாள்: ஃபோந்த்வ்ரோ சுற்றுவழி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர்

சிறிய பையில் தண்ணீர், மழைச்சட்டை, உணவு மட்டும் எடுத்துக்கொண்டு, மோன்சொரோவிலிருந்து தெற்கே ஃபோந்த்வ்ரோ மடத்துக்குச் சென்று, வேறு வழியாகக் காந்தில் இறங்கும் நடை இது. முதலில் மடத்துக்குப் போய்விட வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் தேவை, காலையில் கூட்டமும் குறைவு. காந்தை மாலைக்கு வைப்பதன் காரணம் கீழே வருகிறது.

இடையில் காடு. உண்ணிகள் இருப்பது இங்கேதான். முழுக்கால்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்க. மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களைச் சோதிக்க வேண்டும். உண்ணியைக் கொக்கியால் மெல்லச் சுழற்றி எடுக்கலாம். எண்ணெயோ தீயோ வைக்கக் கூடாது. அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் படர்ந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும், அது லைம் நோயின் அறிகுறி.

ஃபோந்த்வ்ரோவை அடுத்து இராணுவப் பயிற்சி நிலம் உள்ளது. இராணுவ நிலம் என்ற பலகை கண்ட இடத்தில், கைபேசி வரைபடம் குறுக்குவழி காட்டினாலும் நுழையாதீர்கள்.

காந்தில் தேவாலயத்தின் பின்புறமுள்ள செங்குத்துச் சந்து வழியாக மேலே ஏறினால், வியென் ஆறு லுவாரோடு கலக்கும் இடம் முழுவதும் தெரியும். மாலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமாகவும் இடப்புறமாகவும் சாய்வதால் இரு நீர்களின் நிற வேறுபாடு தெளிவாகப் புலப்படும். காலையில் கண் கூசும். கிழக்கே தெரியும் பெரிய கட்டடத் தொகுதி அவுவான் அணுமின் நிலையம். மறுநாள் நடக்கும்போது, முற்பகலில் அது உங்களுக்கு இடப்புறம், வியெனுக்கு அப்பால் இருக்க வேண்டும். அடையாளமாக நினைவில் வைத்துக்கொள்ள இதைவிடத் தெளிவான பொருள் அந்த வெளியில் இல்லை.

மறுநாள் மதிய உணவையும் இன்றே வாங்கிவிடுக.

10. மூன்றாம் நாள்: காந்திலிருந்து ஷினோன், ஏறத்தாழ 20 கிலோமீட்டர்

மூன்று நாள்களில் இதுவே நீளமானது. கடைகள் இல்லாததும் இதுவே. சேன் ஜெர்மேன், திசே, சினே போன்ற ஊர்கள் வழியில் வந்தாலும், அங்கே உணவு கிடைக்கும் என்று நம்பி நடக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் காலை உணவை வழக்கமாக எட்டு மணிக்குத்தான் பரிமாறுவார்கள். முந்தின இரவே கேட்டுக்கொண்டால் ஏழரைக்குத் தர மறுப்பவர் அரிது. எட்டரைக்குள் புறப்பட்டுவிட வேண்டும்.

இன்று பாதை ஆற்றோரமாகவே போகாது. பல இடங்களில் வியெனை விட்டு விலகி, வயலும் காடும் தோட்டமுமாக மாறி மாறி வரும். ஆறு கண்ணில் படவில்லையே என்று பதறி வடக்கே திரும்பினால், வண்டிகள் செல்லும் சாலையில் போய் முடியும். வரைபடத்தை முந்தின மாலையே விரித்து, கடக்க வேண்டிய ஊர்களையும் சாலைகளையும் வரிசையாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்க. ஒவ்வொன்றையும் கடக்கும்போது நேரத்தைக் குறித்தால், பிந்துகிறோமா என்பது நண்பகலுக்குள் தெரிந்துவிடும். ஒரு மணிக்குப் பாதி தூரம் தாண்டவில்லையெனில் கிளைவழிகளை விட்டுவிட வேண்டும்.

கிளைவழிகளில் முக்கியமானது செயி ஊரிலுள்ள லா தெவினியேர், எழுத்தாளர் ரபலே பிறந்த வீடு. தெற்கே விலகிச் செல்வதால் நடை நீளும், பார்க்க ஒரு மணி நேரமும் ஆகும். அன்றிரவு ஷினோனில் தங்குகிறவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்க. நடுவழியில் கால் ஒத்துழைக்காவிட்டால் வாடகைக்கார் வேண்டியிருக்கும். சிற்றூர்களில் கையைக் காட்டி நிறுத்தும் கார்கள் கிடையாது. இரண்டு மூன்று ஓட்டுநர்களின் எண்களைத் தங்குமிடத்தில் கேட்டு, முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும்.

நீங்கள் ஷினோனை அடைவது வியெனின் தென்கரையில். கோட்டையும் பழைய ஊரும் எதிர்க்கரையில் நீளமாகத் தெரியும். பாலத்தைக் கடந்ததும் நேரத்தைப் பாருங்கள். ரயில் நிலையம் பழைய ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது. களைத்த கால்களோடு நடக்க அரை மணி நேரம் வைத்துக்கொள்க. அதற்கு மேல் மிஞ்சும் நேரத்தில் பழைய தெருவில் மதுக்கடையை நாடலாம். விமானத்தில் திரும்புகிறவர்கள் புட்டிகளைத் துணிகளுக்கு நடுவே சுற்றி, சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வட்டார ரயிலுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை. சீட்டைக் கைபேசிச் செயலியில் முந்தின இரவே வாங்கி வைத்தால், நிலையத்தில் சாளரம் மூடியிருந்தாலும் தடையில்லை. நிலையத்தை அடைந்ததும் தகவல் பலகையில் உங்கள் சேவைக்கு எதிரே ரயில் சின்னமா பேருந்துச் சின்னமா என்று பார்த்து, பேருந்தாயின் நடைமேடைக்குப் போகாமல் வாசலிலேயே நில்லுங்கள்.